கிச்சாவுக்காக விட்ட ஃபானுஷ்

பட்டாபிராமனுக்கு ஒன்று மனசில் புகுந்துவிட்டால் போதும், வீடு இரண்டுபடும். அந்த ஐப்பசியில் புகுந்தது ஃபானுஷ். காளி பூஜைக்கு வங்காளிகள் மொட்டை மாடியிலிருந்து பறக்கவிடுவார்களே, அடியில் நெருப்பு வைத்த காகிதப் பலூன், அதற்குத்தான் அந்தப் பெயர். கல்கத்தாவில் கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் பாலத்துக்கும் ஷெட்டுக்கும் கோடு இழுக்கிற மனுஷன், கிடர்பூர் வீட்டுக் கூடத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து, மெல்லிய வண்ணக் காகிதத்தை வாழைப்பூ மடல் வடிவத்தில் வெட்டிக்கொண்டிருந்தான். கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மைதாப் பசை காய்ச்சின பாத்திரத்தை எந்த ஜன்மத்தில் தேய்த்து எடுப்பது என்று அவன் பெண்டாட்டி காமுவுக்குத் தெரியவில்லை.

ஆனாலும் அவளுக்குக் கோபம் வரவில்லை. தூளியில் கிச்சா தூங்கிக்கொண்டிருந்தான். அவன் வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சிவராமகிருஷ்ணன் என்று பெயர் வைத்து கிச்சா ஆனவன். ஆவணியில் பிறந்தான். அவனுக்கு முன்னால் இரண்டு பிறந்து, இரண்டும் தங்கவில்லை. காமுவுக்குப் பால் சுரப்பதில்லை. பூண்டு தின்றாள், சுறாவைத் தவிர மற்ற எல்லாம் தின்றாள், ஒன்றும் அசையவில்லை. சங்கில் புகட்டின மாட்டுப் பாலில் முதல் இரண்டு குழந்தைகளும் வயிறு கெட்டு வற்றிப்போயின. கல்கத்தாப் பால்காரன் எந்தக் குட்டைத் தண்ணீரை ஊற்றினானோ, அவனுக்குத்தான் வெளிச்சம். மூன்றாவதும் அதே வழியில் கிளம்பினபோது டாக்டர் பாபு கறாராகச் சொன்னார்: பால் கொடுக்க ஒருத்தியைப் பிடியுங்கள், இல்லாவிட்டால் இதுவும் போய்விடும்.

அப்படி வந்தவள் சுகியா. பீகார்க்காரி. வீட்டுக்குப் பின்னால் கால்வாய்க் கரையோரம் வரிசையாக நின்ற ஓலைக் குடிசைகளில் ஒன்று அவளுடையது. புருஷன் மங்ரு ராத்திரி ஷிப்டில் துறைமுக டாக்கில் கப்பலுக்குக் கரி ஏற்றுகிறவன். அவளுக்கும் கைக்குழந்தை உண்டு, முனியா என்று ஒரு பெண். சுகியா தினமும் முனியாவை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கொல்லை வழியாக வருவாள். குழாயடியில் குளிப்பாள், காமு தனியாக வைத்திருக்கிற புடவையை மாற்றிக்கொள்வாள், பின்கட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் முனியாவையும் ஒரு பக்கம் கிச்சாவையும் போட்டுக்கொள்வாள். என்ன ஜாதி என்று காமு கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள், சொன்னால் தெரிந்துவிடும். மாமியார் கும்பகோணத்தில் இருந்தாள், நல்லவேளையாக அது ரொம்ப தூரம்.

கிச்சா தேறினான். தொடையில் மடிப்பு விழுந்தது. சுகியா ஒரு நாள் வர நேரமானால் காமு கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிடுவாள். வாசலுக்கும் கொல்லைக்கும் நடையாய் நடப்பாள். அந்தப் பிள்ளையின் உயிர் அந்தக் குடிசைக்காரியின் மார்பில் இருந்தது என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

"ஏன்னா, உள்ளே ஒண்ணுமே இல்லையே, இது எப்படி மேலே போகும்?" என்று கேட்டாள் காமு, காகித மடல்களின் ஓரங்களை ஒட்டுவதற்குப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே.

"உள்ளே காத்து இருக்கே! காத்தைக் காய்ச்சினா விரியும். விரிஞ்சா லேசாயிடும். வெளியிலே இருக்கிற குளிர்ந்த காத்து கனம். அது கீழே இறங்கி இதை மேலே தள்ளிடும். தண்ணியிலே காலிச் சொம்பைக் கவுத்து அமுக்கிப் பாரு, எப்படித் திமிறிண்டு வரது? அதே சங்கதிதான்."

"அப்போ இத்தனை பெரிசு எதுக்கு? ஆளுசரத்துக்கு மேலே இருக்கே."

"சின்னதாப் பண்ணினா காகிதக் கனமே கீழே இழுத்துடும். பெரிசாக்கப் பெரிசாக்கக் காகிதம் கொஞ்சம்தான் கூடும், உள்ளே பிடிக்கிற காத்து மடமடன்னு கூடும். அதான் சூட்சுமம்." அவன் முகம் பூரித்திருந்தது. "வங்காளிகள் சாயங்காலம் விடறா. வெயில் பட்ட காத்து அதுக்குள்ளே ஆறியிருக்காது. நாம நம்ம தீபாவளியன்னிக்கு, பலபலன்னு விடியறச்சே விடுவோம். வெளியிலே எவ்வளவுக்கெவ்வளவு குளிரோ அவ்வளவுக்கவ்வளவு தூக்கும். இந்த ஊர்க்காராளுக்கு இது தோணலை பாரு!"

அடிப்பக்கத்து வாய்க்கு மூங்கில் சிம்பை வளைத்து ஒரு வளையம். வளையத்தின் குறுக்கே மெல்லிய கம்பி. கம்பியின் நடுவில் எலுமிச்சங்காய்க்குக் கொஞ்சம் பெரிதாகத் துணியைச் சுருட்டிக் கட்டின உருண்டை. அதற்கு வங்காளிகள் வைத்திருந்த பெயர் நுட்டி. அதை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொளுத்த வேண்டும்.

"இதிலே ஒண்ணுதான் ரொம்ப முக்கியம்," என்றான் பட்டாபி. "உச்சிக்குப் போனதும் நெருப்பு அணைஞ்சுடணும். அப்புறம்தான் காத்து ஆறி, ஃபானுஷ் மெதுவா இறங்கும். அணையாம இறங்கினா எங்கேயாவது பத்திண்டுடும். அதனாலதான் ஸ்பிரிட்டு. குபீர்னு எரியும், சட்டுனு அணைஞ்சுடும்."

காமுவுக்கு அந்த வார்த்தையே ஆகவில்லை. அவள் பிறந்த வீட்டில் விளக்கை அணை என்று யாரும் சொல்லமாட்டார்கள். அமர்த்து என்பார்கள், மலையேற்று என்பார்கள். ஸ்வாமி விளக்கு தானாக மலையேறிவிட்டால் அன்றைக்கு முழுக்க அவள் அம்மா முகத்தில் ஈயாடாது. இரண்டாவது குழந்தை போன அன்று காலையில் பூஜை அலமாரி விளக்கு எண்ணெய் இருக்கும்போதே மலையேறியிருந்தது. அதைக் காமு யாரிடமும் சொன்னதில்லை.

பட்டாபி வேறு அன்று சாயங்காலம் ஒரு காரியம் செய்தான். ஃபானுஷின் வயிற்றில் பெரிய பெரிய எழுத்தாக, சிவராமகிருஷ்ணன் என்று சிவப்பு மையால் எழுதினான். "அவனுக்கு முதல் தீபாவளி. ஊரே பார்க்கட்டும்," என்றான்.

குழந்தையின் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு நெருப்பு ஆகாயத்துக்குப் போய், நல்ல நாளும் அதுவுமாக நடுவானத்தில் அணைந்துபோவதா? காமுவுக்கு அது சரிப்படவில்லை. சொன்னால் சிரிப்பான். சயன்ஸ் என்பான்.

அவன் பட்டாசு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனதும் அவள் நுட்டியை எடுத்தாள். மேல்துணியைப் பிரித்து, உள்ளே இருந்ததில் பாதியை உருவினாள். கார்த்திகைக்கு விடிய விடிய நிற்கிற திரி எப்படித் திரிப்பது என்று அவளுக்குத் தெரியும். பழைய வேஷ்டியைக் கிழித்து, இறுக்கி முறுக்கி, விளக்கெண்ணெயும் நெய்யும் கலந்து ஊறவைத்து எடுத்தாள். அதைச் சுருட்டி நடுவில் வைத்து, மேலே பழைய துணியையே சுற்றிக் கட்டினாள். பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. என் குழந்தை நிற்கட்டும் தாயே, இது நிற்கிற மாதிரி நிற்கட்டும், என்று வேண்டிக்கொண்டு அதைக் கம்பியில் மாட்டினாள். வேண்டுதல் முடிந்ததும் மனசு அப்படி லேசாக இருந்தது.

சுகியாவிடம் முதல் நாளே சொல்லிவைத்திருந்தாள். அடுப்பங்கரை இந்திதான் காமுவுக்கு வரும். "நாளைக்கு இருட்டோட வந்துடு. எண்ணெய் தேய்க்கறதுக்கு முன்னாடி இவன் குடிக்கணும். நாளைக்கு ஒரு நாள் உன் பொண்ணை விட்டுட்டு வா. நல்ல நாளிலே முதல் பால் என் பிள்ளைக்கு."

சுகியா கொஞ்சம் யோசித்தாள். "சரி பஹூஜி. தூங்கிட்டிருப்பா. ஓடி வந்துட்டு ஓடிடறேன்," என்றாள். புதுப்புடவை கொடுத்திருந்த கை. மறுத்துப் பேச அவளால் ஆகுமா?

தீபாவளியன்று கிழக்கு வெளுக்கிற நேரத்தில் எல்லாரும் மாடியில் நின்றார்கள். ஐப்பசிக் குளிர் நன்றாக இருந்தது. பட்டாபி ஒரு சட்டியில் வைக்கோலைப் புகையவிட்டு, ஃபானுஷின் வாயை அதன்மேல் பிடித்தான். சுருங்கிக் கிடந்த காகிதம் முக்கி முனகி உப்பியது, நிமிர்ந்தது, கையைவிட்டுத் திமிறியது. நுட்டியை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொளுத்தினான். குபீரென்று பிடித்துக்கொண்டது. விட்டான்.

அது போன அழகை என்னவென்று சொல்வது! நேராக, நிதானமாக, பிள்ளையின் பெயரோடு ஏறிற்று. கிச்சாவை மார்பில் போட்டுக்கொண்டிருந்த சுகியா இருந்த இடத்திலிருந்தே ஒரு கையால் தொடையைத் தட்டிச் சிரித்தாள். பட்டாபிக்குத் தரையில் கால் பாவவில்லை. கொஞ்ச நேரத்தில் தழல் சுருங்கியது. "ஆச்சு, ஸ்பிரிட் தீர்ந்தது, இனிமே ஆறி இறங்கும்," என்று சொல்லிவிட்டு எண்ணெய் தேய்த்துக்கொள்ளக் கீழே இறங்கிப்போனான்.

காமு நின்று பார்த்தாள். காகிதத்துக்கு அடியில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது. ஃபானுஷ் மெல்ல இறங்கத் தொடங்கினபோதும் அது இருந்தது. பக்கத்து வீட்டு சாட்டர்ஜி பாபுவின் புகைபோக்கிக்குப் பின்னால் மறைகிற வரைக்கும் இருந்தது. நிற்கிறது, நிற்கிறது என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கிச்சாவுக்கு உச்சியில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தபோது கூச்சல் கேட்டது. முதலில் பட்டாசு விட்டு யாரோ கத்துகிறார்கள் என்று நினைத்தார்கள். புகை வாடை வந்ததும் சுகியா கொல்லைக் கதவைத் திறந்தாள். கால்வாய்க் கரை முழுக்க எரிந்துகொண்டிருந்தது. அவள் ஓடினாள்.

ஓலைக் குடிசைகளுக்கு எத்தனை நேரம் வேண்டும்? தண்ணீர் வண்டி வருவதற்குள் அந்த வரிசை தரைமட்டமாகிவிட்டது. விழித்திருந்தவர்கள் எல்லாரும் பிழைத்தார்கள். மங்ரு ராத்திரி ஷிப்டு முடிந்து, சுகியா கிளம்பிப் போனபின் இருட்டில் வந்து, வாசல் பக்கம் விழுந்து தூங்கிக்கொண்டிருந்தான். சூடு உறைத்து எழுந்து வெளியே ஓடிவந்துவிட்டான். முனியா உள்ளே மூலையில் இருந்தாள். சுகியா எங்கே போனாலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டுதான் போவாள். பாபு வீட்டுக்குப் போயிருக்கிறாள், குழந்தையும் கூடப் போயிருக்கிறது என்று அவன் நினைத்தான். அந்த ஒரு நாள் விட்டுவிட்டுப் போனது அவனுக்குத் தெரியாது. சுகியா ஓடிவந்து "முனியா எங்கே?" என்று கேட்டபோதுதான் அவன் நெருப்புக்குள் பாய்ந்தான். அதற்குள் கூரை விழுந்துவிட்டது. இரண்டு கையும் வெந்துபோனதுதான் மிச்சம்.

ஊரெல்லாம் வெடிகுண்டுப் பேச்சாக இருந்த வருஷம் அது. விடியற்காலையில் மதராஸி வீட்டு மாடியிலிருந்து என்னவோ ஒன்று போயிற்று என்று சாட்டர்ஜி பாபு சொல்லிவைக்க, போலீஸ் தாரோகா இரண்டு கான்ஸ்டபிளோடு வந்து நின்றார். பட்டாபிக்கு பயம்கூட வரவில்லை, ரோசம்தான் வந்தது. தன் கணக்கு தப்பாது என்பதில் அவனுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

"இறங்கறச்சே அதிலே நெருப்பே இருக்காது சார். இன்னொண்ணு பண்ணிக் காட்டறேன். உங்க கண்ணாலேயே பாருங்கோ," என்றான்.

ராப்பகலாக உட்கார்ந்து அதே அளவில், அதே காகிதத்தில் இன்னொன்று செய்தான். குடிசைகள் இருந்த சாம்பல் திடலிலேயே அதைக் கொண்டுபோய் வைத்தான். தாரோகா நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வீடு போனவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள், சுகியாவும் நின்றாள். காமு மாடியிலிருந்து கிச்சாவை அணைத்துக்கொண்டு பார்த்தாள். ஃபானுஷ் ஏறிற்று. நுட்டி குபீரென்று எரிந்தது, சட்டென்று அணைந்தது. கொஞ்ச தூரம் மிதந்து கால்வாய்க்கு அந்தண்டை இறங்கியது. கான்ஸ்டபிள் ஓடிப்போய் எடுத்துவந்தான். தாரோகா நுட்டியை உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பார்த்தார். அது ஜில்லிட்டிருந்தது.

"பாபு சொன்னது சரி," என்றார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "எந்தக் குடிசையிலேர்ந்து பிடிச்சுது?"

எல்லாரும் மங்ருவைக் காட்டினார்கள்.

"சிலும்லே புகையிலை குடிப்பியா?"

மங்ரு வெந்த கைகளில் துணிக்கட்டோடு நின்றான். குடிப்பேன் என்று தலையாட்டினான். அன்றைக்குக் குடிக்கவில்லை, வந்ததும் படுத்துவிட்டேன் என்று அவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கேஸ் அத்தோடு முடிந்தது. பட்டாபி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மாடியைப் பார்த்துக் கையசைத்தான்.

காமு மாடிப்படி வரைக்கும் போனாள். இப்போதே படியிறங்கிப் போய், அந்த நுட்டி இது இல்லை, நான் மாற்றினேன் என்று சொல்லிவிடலாம். வாயும் திறந்தது. கையில் இருந்த கிச்சா வீலென்று அழுதான். தீப்பிடித்த நாளிலிருந்து அவன் வயிற்றில் மாட்டுப் பால்தான், அதையும் கக்கிக்கொண்டிருந்தான். கண் உள்ளே போயிருந்தது. முன்னால் இரண்டு முகங்களில் அவள் பார்த்த அதே குழி. காமு வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை சுகியா கொல்லைக் கதவைத் தட்டினாள். ரவிக்கை இல்லாத மார்பு கல்லாக இறுகி, தொட்டால் துடிக்கிற மாதிரி இருந்தாள். ஜுரம் அடித்தது. "பஹூஜி, குழந்தையைக் கொடு. தாங்க முடியல," என்றாள். கிச்சா வாய் வைத்ததும் அவள் வலியில் கத்தினாள். அப்புறம் ஒரு பாட்டம் அழுதாள். அவன் குடித்துக்கொண்டே இருந்தான்.

"என் பொண்ணைக் கொன்னுட்டான். நெருப்பை வச்சுக்கிட்டுத் தூங்கியிருக்கான். எழுந்து ஓடிவந்தவன் திரும்பிக்கூடப் பார்க்கல. இனிமே அவன் முகத்தில் முழிக்கமாட்டேன்," என்று சுகியா சொன்னாள்.

காமு அவள் எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சொல்லிவிட்டால் இவள் இந்த நிமிஷமே பிள்ளையைப் பிடுங்கித் தரையில் போட்டுவிட்டுப் போவாள். நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன். கிச்சா போய்விடுவான். எத்தனை முறை புரட்டிப் பார்த்தாலும் கணக்கு அதே இடத்தில்தான் வந்து நின்றது. கடைசியில் காமு தனக்குள் ஒரு பேரம் பேசிக்கொண்டாள். மாசியில் கிச்சாவுக்கு அன்னப் பிராசனம். சாதம் தின்ன ஆரம்பித்துவிட்டால் பால் இல்லாமலும் பிழைத்துக்கொள்வான். அன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். ஸ்வாமி சத்தியமாகச் சொல்லிவிடுகிறேன்.

கரையில் திரும்பவும் குடிசைகள் முளைத்தன. மங்ருவுக்கு மட்டும் அங்கே யாரும் இடம் கொடுக்கவில்லை. வெந்த கையால் கரிக்கூடை தூக்க முடியாது. கூலிகளுக்கு மேஸ்திரியான சர்தார் வேலையை விட்டு நிறுத்திவிட்டான். பெண்டுகள் அவன் போகிற வழியில் துப்பினார்கள். சுகியா தன் அக்கா குடிசையில் ஒண்டிக்கொண்டு, அவன் வாசலில் வந்து நின்றால் தட்டியைச் சாத்தினாள். ஒரு நாள் அவன் காமு வீட்டுக் கொல்லைப்புறத்தில் வந்து நின்றான். "பஹூஜி, நீங்க சொன்னா கேப்பா. குழந்தை உள்ளே இருந்தது சத்தியமா எனக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க," என்றான். காமு சரி என்று தலையாட்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சொல்லவில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் எங்கே போய் முடியுமோ என்று அவளுக்கு பயம்.

மார்கழியில் ஒரு நாள் ஆபீஸிலிருந்து வந்த பட்டாபி, கோட்டைக் கழற்றிக்கொண்டே, "நம்ம சுகியா ஆம்படையானைப் பார்த்தேன். கார்டன் ரீச்சிலே கூலி டிப்போ இருக்கோன்னோ, அங்கே வரிசையிலே நிக்கறான். பிஜித் தீவுக்காம், கரும்புத் தோட்டத்துக்கு. நாளைக்குக் கப்பல் கிளம்பறதாம்," என்றான். "பாவம். இங்கே இருந்து என்ன பண்ணுவான்?"

காமு கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னாள்.

பட்டாபி முதலில் நம்பவில்லை. "விளக்கெண்ணெய்த் திரியா? அசடே, அதிலே என்ன சூடு வரும்? அந்தச் சூட்டுக்கு ஃபானுஷ் மேலே நிக்கவே நிக்காதே."

"மேலே நிக்கலையே. எரிஞ்சுண்டே இறங்கித்து. நான் பார்த்தேன்."

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கணக்கு அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் அவனுக்கு வந்த கஷ்டம். "தாரோகா எதிரே நான் சத்தியம் பண்ணாத குறையா..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். பிறகு, "யாருக்குத் தெரியும்?" என்றான்.

"யாருக்கும் தெரியாது."

"தெரிய வேண்டாம். வேலை போயிடும், ஜெயிலுக்குக்கூடப் போகலாம். குழந்தையை நினைச்சுக்கோ." எழுந்து போய், மிச்சம் இருந்த வண்ணக் காகிதத்தையெல்லாம் அள்ளி வெந்நீர் அடுப்பில் திணித்தான். அதற்கப்புறம் அவன் சயன்ஸ் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் சுகியா வந்து உட்கார்ந்து கிச்சாவை வாங்கிக்கொண்டாள். தானாகவே சொன்னாள்: "இன்னைக்குப் போறான். அஞ்சு வருஷத்துக்குக் கைநாட்டு வச்சிருக்கானாம். போனவங்க யாரு திரும்பி வந்தாங்க? போகட்டும்." சொல்லிவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

சொல்லடி, இப்போது சொல்லடி, என்று காமுவின் நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்போது சொன்னால் இவள் ஓடிப்போய்க் கப்பலைப் பிடித்துவிடலாம். கார்டன் ரீச் எத்தனை தூரம்? கிச்சா கண்ணை மூடிக்கொண்டு, சுகியாவின் விரலைப் பிடித்துக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தான். இந்த வேளை குடித்து முடிக்கட்டும், சொல்லிவிடுகிறேன் என்று காமு நினைத்தாள். அவன் குடித்து முடித்தான். நதிப் பக்கமிருந்து கப்பல் ஊதல் கேட்டது. சுகியா எழுந்து போனாள்.

மாசியில் நல்ல நாள் பார்த்து கிச்சாவுக்கு அன்னம் ஊட்டினார்கள். வங்காளிகள் அதை முகே பாத் என்பார்கள். முகே பாத்தா, பேஷ் பேஷ் என்று சாட்டர்ஜி வீட்டு அம்மாள் சந்தேஷ் மிட்டாய் கொண்டுவந்து கொடுத்தாள். பட்டாபி மடியில் வைத்துக்கொள்ள, புரோகிதர் மந்திரம் சொல்ல, பாயசத்தில் பிசைந்த சாதத்தைக் கிச்சா சப்புக்கொட்டித் தின்றான். துப்பவில்லை, கக்கவில்லை. இன்னும் வேண்டும் என்று கிண்ணத்தை இழுத்தான். எல்லாரும் சிரித்தார்கள்.

வந்தவர்கள் போனபின் காமு பின்கட்டுக்கு வந்தாள். சுகியா தாழ்வாரத்தில் கிச்சாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். காமு அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, தெரிந்த இந்தியில், திக்கித் திணறிச் சொல்லி முடித்தாள். திரியைச் சொன்னாள். சிவப்புப் பொட்டைச் சொன்னாள். அது சிலும் நெருப்பு இல்லை என்று சொன்னாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு அடிக்குக் காத்திருந்தாள்.

சுகியா அடிக்கவில்லை. கிச்சா அவள் புடவைத் தலைப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டிருந்தான்.

"குழந்தைக்காக வச்ச திரி," என்றாள் கடைசியில். "எந்த அம்மாவும் வைப்பா. உன் பேச்சைக் கேட்டு நானும்தானே முனியாவை விட்டுட்டு வந்தேன்." பிறகு கேட்டாள்: "மங்ரு டிப்போவுக்குப் போனது உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கப்பல் கிளம்பின அன்னிக்கு நான் இங்கேதானே உட்கார்ந்திருந்தேன்?"

"ஆமாம்."

"சொன்னா பால் குடுக்க மாட்டேன்னு நெனச்சே."

காமு தலையசைத்தாள்.

"வேற எங்கே கொண்டு போயிருப்பேன் பஹூஜி?" சுகியா நிஜமாகவே ஆச்சரியத்தோடு கேட்டாள். "நெஞ்சு கல்லாகி ஜுரத்திலே கிடந்தேன். இவன் வாய் வைக்கலேன்னா நானும் போயிருப்பேன். நீ அன்னைக்கே சொல்லியிருந்தா உன்னைத் திட்டியிருப்பேன், மண்ணை வாரித் தூத்தியிருப்பேன். மறுநாள் காலையிலே வந்திருப்பேன். இவன் என்ன பண்ணினான், பச்சைப் பிள்ளை? என் புருஷனும் இங்கேயே இருந்திருப்பான். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அழுதிருப்போம்."

அவள் எழுந்தாள். கிச்சாவைக் காமுவின் கையில் கொடுத்தாள். அவன் அவள் பக்கமே கையை நீட்டித் தாவினான்.

"இன்னைக்குச் சோறு தின்னுட்டான் இல்லே?" என்றாள். "அதான் இன்னைக்குச் சொல்றே."

கொல்லைக் கதவைத் தாண்டிப் போனவள் திரும்பி வரவில்லை. கிச்சா அன்று ராத்திரியும் மறுநாளும் அழுதான். அதற்கடுத்த நாள் பசி தாங்காமல், காமு பிசைந்து ஊட்டின பருப்புச் சாதத்தை வயிறு நிறையச் சாப்பிட்டான். இனி அவனுக்கு யாருடைய பாலும் வேண்டியிருக்கவில்லை.